எண்ணிக்கையில் விடுபட்டவள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் வாசிப்புக் கணக்கு எழுதும் பருவமும் வந்துவிடுகிறது. இந்த ஆண்டு வாசித்தவை, அவற்றில் பிடித்த பத்து, ஜனவரிப் புத்தகக் காட்சியில் வாங்க வேண்டியவை. கவிதைத் தொகுப்பு, தன்வரலாறு, மொழிபெயர்ப்பு நாவல், கோட்பாட்டு நூல் என்று வரிசை கண்ணியமாக அமைந்திருக்கும். அந்த வரிசையில் மர்ம நாவல் இருக்காது. எழுதியவர் மர்ம நாவலே தொடாதவர் என்று இதற்குப் பொருளல்ல. ரயிலில், காய்ச்சலில், விடைத்தாள் திருத்தி முடித்த இரவில், அடுப்படி ஓய்ந்த பிறகு கிடைத்த அரை மணி நேரத்தில் அவர் வாசித்தது அதுவாகத்தான் இருக்கும். கணக்கு எழுத உட்காரும்போது அது 'சும்மா டைம்பாஸ்' ஆகிவிடுகிறது. பேனா அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

மர்மக் கதைப் பிரியர்களுக்கோ ஆண்டிறுதி என்பது பெரிய விசேஷம். அவர்களுடைய பழக்கங்கள் தனி. ஒரு துப்பறிவாளரின் தொடரை முதல் நூலிலிருந்து வரிசை மாறாமல் வாசிப்பார்கள். முடிவு தெரிந்த பழைய கதை ஒன்றை டிசம்பரில் மறுபடி எடுப்பார்கள். இந்த ஆண்டு எத்தனை முடித்தோம், எந்தத் தொடர் பாதியில் நிற்கிறது, அடுத்த ஆண்டு எந்த நாட்டுக் கதைகளுக்குப் போவது என்று திட்டம் போடுவார்கள். இந்தப் பழக்கத்தைப் பெண் வாசகர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு. எத்தனை புத்தகம் என்று எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. அந்தப் புத்தகங்களுக்குள் யார் எண்ணப்பட்டார்கள், யார் விடுபட்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

1

ஆண்டிறுதிக்கும் கொலைக் கதைக்கும் உள்ள உறவை வியாபாரமாகவே வளர்த்தவர்கள் ஆங்கிலேயப் பதிப்பாளர்கள். அகதா கிறிஸ்டியின் புதிய நூலைக் கிறிஸ்துமஸ் பரிசாக விற்பது அவருடைய பதிப்பகமான காலின்ஸின் வழக்கம். 'கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி' என்பது நீண்ட காலம் ஓடிய விளம்பர வாசகம். 1938 டிசம்பரில் வெளிவந்த 'ஹெர்குல் புவாரோஸ் கிறிஸ்துமஸ்' அந்த உறவைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது. பணக்காரக் கிழவர் ஒருவர், வெறுத்து விலகிப்போன பிள்ளைகளையெல்லாம் பண்டிகைக்கு வீட்டுக்கு அழைக்கிறார். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு, உள்ளே தாழிட்ட அறையில் கிழவர் கொல்லப்படுகிறார். பண்டிகைக் காலம் அன்பின் காலமாயிற்றே, குற்றம் நடக்குமா என்று ஒருவர் கேட்க, பிடிக்காதவர்கள் பிடித்தவர்கள்போல நடிக்க வேண்டிய நாட்களில்தான் இறுக்கம் கூடும் என்ற பொருளில் புவாரோ விடை சொல்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள லண்டன் பனி தேவையில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூடும் கூட்டுக் குடும்பத்தில் மருமகளாக இருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பண்டிகை என்பது யாரோ சிலர் நின்றுகொண்டே இருப்பதால் மற்றவர்கள் உட்கார முடிகிற நாள். சொத்து, உயில், யாருக்கு எவ்வளவு, யார் வயிறெரிகிறார்கள் என்ற பேச்செல்லாம் பலகாரத் தட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். குடும்பத்தைப் போற்றும் கதைகள் இதை மறைக்கும். கிறிஸ்டி தொடங்குவதே இதிலிருந்துதான். அவருடைய பெரும்பாலான கொலைகளுக்குக் காரணம் காசு. நடக்கும் இடம் வீடு. செய்தவர் உறவினரோ நன்றாக அறிமுகமானவரோ. ஆபத்து வெளியே இருட்டில் நிற்கும் அந்நியனிடம் இருக்கிறது, வீடுதான் பத்திரம் என்று பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கும் ஊர்களில் இது சாதாரணச் செய்தியல்ல. அரசியல் பேசாதவர் என்று பெயரெடுத்த ஓர் எழுத்தாளர், நூல் நூலாக, வீட்டின் நடுக்கூடத்தைக் குற்றம் நடந்த இடமாக அடையாளம் காட்டினார்.

2

கிறிஸ்டியின் வாழ்விலும் ஒரு டிசம்பர் உண்டு. 1926 டிசம்பர் 3ஆம் தேதி இரவு அவர் காரில் வீட்டைவிட்டுப் போனார். அதற்கு முன்பே கணவர் வேறொரு பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்லி மணவிலக்குக் கேட்டிருந்தார். மறுநாள் கார் மட்டும் கிடைத்தது. போலீசும் பொதுமக்களும் காடு, குளமெல்லாம் தேடினார்கள். நாளிதழ்கள் தினமும் எழுதின. 11 நாள் கழித்து ஹாரோகேட் நகர விடுதி ஒன்றில், கணவர் காதலித்த பெண்ணின் குடும்பப் பெயரைக் கொண்ட ஒரு புனைபெயரில் பதிவுசெய்து தங்கியிருந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார். நினைவு தப்பியிருந்தது என்று குடும்பம் சொன்னது. விளம்பரத்துக்காகச் செய்தார், கணவரைப் பழிவாங்கச் செய்தார் என்று ஊர் சொன்னது. தன்வரலாற்றில்கூட அந்த 11 நாட்களைப் பற்றி அவர் எழுதவில்லை. ஒரு பெண் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று தேசமே கூடித் தீர்மானிப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரியாக ஓராண்டு கழித்து, 1927 டிசம்பரில், ஓர் இதழில் 'தி டியூஸ்டே நைட் கிளப்' என்ற அவருடைய சிறுகதை வந்தது. மிஸ் மார்ப்பிள் உலகத்துக்கு அறிமுகமான கதை அது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதையின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். ஒரு கிராமத்து வீட்டில் சிலர் கூடியிருக்கிறார்கள். எழுத்தாளர், ஓவியர், வழக்கறிஞர், பாதிரியார், ஓய்வுபெற்ற உயர் போலீஸ் அதிகாரி. ஆளுக்கு ஒரு மர்மக் கதை சொல்லலாம் என்று முடிவாகிறது. ஓவியப் பெண் ஆட்களை எண்ணுகிறாள். ஐந்து பேர்தான் வருகிறது, ஆறு பேர் இருந்தால் நன்றாக இருக்குமே என்கிறாள். மூலையில் பின்னல் வேலை செய்துகொண்டிருக்கும் கிழவி, என்னை விட்டுவிட்டாயேம்மா என்கிறார் புன்னகையோடு. அவர்தான் மிஸ் மார்ப்பிள். அவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பது அவருடைய வீடு.

சொந்த வீட்டில், சொந்தக் கூடத்தில், எண்ணிக்கையில் விடுபட்டவள். எண்ணியவளும் ஒரு பெண்தான், அதிலும் நவீனப் பெண். இந்த இரண்டு விவரத்தையும் கிறிஸ்டி ஒருசேர வைத்திருப்பதுதான் அந்தக் காட்சியின் கூர்மை. வயதான, மணமாகாத, வேலைக்குப் போகாத பெண்ணை ஆண்கள் மட்டுமா விட்டுவிடுகிறார்கள்? படித்து வெளியே வந்த நாமும் எண்ணும்போது விடுவது அவளைத்தான்.

அடுத்து வரும் மர்மத்தின் முக்கியத் துப்பும் எண்களாகவே வருகிறது. மை ஒற்றும் தாளில் 'நூறுகளும் ஆயிரங்களும்' என்று பொருள்படும் சொற்கள் பதிந்திருக்கின்றன. மனைவி செத்தால் கணவனுக்குக் கிடைக்கப்போகும் பணத்தைப் பற்றியது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். மிஸ் மார்ப்பிளுக்கு அது பணமாகப் படவில்லை. ஆங்கிலேய அடுப்படியில் இனிப்பின் மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளுக்கும் அதேதான் பெயர். சமையல் செய்தவளுக்கு, செய்ய வைத்தவளுக்கு, கடைச் சீட்டு எழுதியவளுக்கு உடனே விளங்கும் துப்பு அது. சட்டமும் காவலும் மதமும் இலக்கியமும் சேர்ந்து உட்கார்ந்தும் கண்ணில் படாதது அடுப்படியிலிருந்து படுகிறது.

மர்ம நாவலை டைம்பாஸ் என்று ஒதுக்கும் வாசகியிடம் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். வீட்டு வேலையில் சேரும் அறிவை நம் பாடத்திட்டங்கள் அறிவாக எண்ணுவதில்லை. எந்தக் கறை எதனால் போகும், பால்காரர் எப்போது வருவார், எந்த வீட்டு வேலைக்காரப் பெண் திடீரென்று நின்றுவிட்டாள், யார் சாப்பிடாமல் எழுந்தார்கள் என்பதெல்லாம் 'பொம்பளைப் பேச்சு'. துப்பறியும் கதை அதற்குச் சாட்சிய மதிப்பு கொடுக்கிறது. வம்பு என்று பெயர் வைத்து ஒதுக்கப்பட்டதை ஆவணமாக்குகிறது. நிறுவனங்களில் இடமில்லாத பெண்களுக்குத் தகவல் திரட்ட இருந்த ஒரே வழி வம்புதான் என்று யோசித்தால், ஆண் எழுத்துகள் அதை ஏன் இவ்வளவு கேலி செய்தன என்பதும் புரியும்.

இங்கேயே ஒரு குறையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதையில் ஒரு பணிப்பெண் வருகிறாள். ஏமாற்றப்பட்டவள், குற்றத்தில் பயன்படுத்தப்பட்டவள். கடைசிவரை அவள் நம்மிடம் நேராகப் பேசுவதில்லை. அவள் சொன்னது உயர் அதிகாரியின் வாய்வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. எண்ணிக்கையில் மிஸ் மார்ப்பிளைச் சேர்த்த கதை பணிப்பெண்ணைச் சேர்க்கவில்லை.

3

டிசம்பரில் மறுபடி வாசிக்க ஒரே ஒரு கிறிஸ்டியைச் சொல்லச் சொன்னால் 1957இல் வந்த '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவலைச் சொல்வேன். திருமதி மெக்கிலிகடி என்ற வயதான பெண், லண்டனில் கிறிஸ்துமஸ் சாமான்கள் வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்புகிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் இணையாக ஓடுகிறது. ஒரு பெட்டியின் திரை சட்டென்று மேலே போகிறது. உள்ளே ஓர் ஆண், முதுகு இவர் பக்கம், ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்கிறான். அந்த ரயில் முந்திப் போய்விடுகிறது. டிக்கெட் பரிசோதகரிடம் சொல்கிறார். அவர் பார்வை இவர் மடியில் கிடக்கும் பத்திரிகைக்குப் போகிறது. அதில் கழுத்து நெரிபடும் படம் ஒன்று இருக்கிறது. அம்மா தூங்கி எழுந்திருப்பீர்கள் என்கிற தொனி. போலீஸ் மரியாதையாகக் கேட்கிறது, தேடுகிறது. பிணம் கிடைக்கவில்லை. ஆக, எதுவும் நடக்கவில்லை.

கண்ணால் பார்த்த பெண்ணை முதல் வார்த்தையிலேயே நம்புகிறவர் அவருடைய தோழி மிஸ் மார்ப்பிள். நம்புவதற்கு அவர் வைத்திருக்கும் காரணம் பாசமல்ல. திருமதி மெக்கிலிகடிக்குக் கற்பனை வராது, அதனால் பார்த்திருந்தால்தான் சொல்வார் என்பது அவர் கணக்கு. பெண் பெண்ணை நம்புவது உணர்ச்சிவசப்பட்ட செயல் என்று சொல்கிறவர்களுக்கு இது நல்ல விடை. பல ஆண்டுப் பழக்கத்தில் ஒருத்தியின் சொல்லை எடைபோட்டு வைத்திருப்பதும் தடய அறிவியல்தான்.

மிஸ் மார்ப்பிளுக்கு உடம்பு ஒத்துழைக்காததால், பிணத்தைத் தேட அவர் அமர்த்துவது லூசி ஐலெஸ்பாரோ என்ற இளம்பெண்ணை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பு பெற்றவள். படிப்பில் கிடைக்கும் சம்பளத்தைவிட நல்ல வீட்டு வேலைக்குச் சந்தையில் மதிப்பு அதிகம் என்று கண்டு அதையே தொழிலாகக் கொண்டவள். சமைக்கிறாள், துடைக்கிறாள், கோபக்காரக் கிழவரைச் சமாளிக்கிறாள். வேலைக்காரியை யாரும் கவனிப்பதில்லை என்பதால் எல்லா அறைக்கும் போகிறாள். பிணத்தைக் கண்டுபிடிப்பது அவள். முடிவில் கொலைகாரரை அடையாளம் காட்டுவது திருமதி மெக்கிலிகடியின் அதே கண்கள். யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. நம்பப்படாத சாட்சியின் சொல் கடைசியில் முழுச் சாட்சியாக நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தமிழ் படித்தவளுக்கு இங்கே கண்ணகி நினைவுக்கு வராமல் போகாது. அரசவையில் அவள் வைக்கும் வழக்கின் வலு அவள் சொல்லில் இல்லை. உடைத்துக் காட்டிய சிலம்பில் இருக்கிறது. அரசியின் சிலம்பில் முத்து, தன்னுடையதில் மாணிக்கம் என்பதால்தான் அவள் நம்பப்படுகிறாள். பொருள் பேசிய பிறகே பெண் பேசியது ஏறுகிறது. அதற்குள் கோவலன் கொல்லப்பட்டாயிற்று. காலமும் மரபும் வேறு, நூலின் தரமும் வேறு. பெண்ணின் சொல்லுக்குத் தனியாக எடை இல்லை என்ற ஏற்பாடு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

மறுவாசிப்பில் கண்ணில் படும் இன்னொன்றும் இருக்கிறது. ரயிலில் கழுத்து நெரிபட்டவள் யார் என்பதே நாவலின் பெரும்பகுதியில் தெரியாது. அவள் இவளா, அவளா என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெயர் உறுதியான பிறகும் அவளுக்காக அழ அந்த வீட்டில் ஆளில்லை. பார்த்த பெண்ணுக்கு நீதி கிடைக்கிறது, பார்க்கப்பட்டவளுக்குக் கிடைப்பது தீர்வு. இரண்டும் ஒன்றல்ல.

கிறிஸ்டியோடு சேர்த்து வாசிக்க வேண்டியவர் டொரோத்தி எல். சேயர்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் 1915இல் படிப்பை முடித்தும், அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கிய 1920 வரை காத்திருந்து வாங்கியவர். 1930இல் வந்த 'ஸ்ட்ராங் பாய்சன்' நாவலும் ஆண்டிறுதிக் கதைதான். ஹாரியட் வேன் என்ற மர்ம நாவலாசிரியை, உடன் வாழ்ந்த காதலனுக்கு விஷம் வைத்தாள் என்று கூண்டில் நிற்கிறாள். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவள் என்பதே நீதிபதியின் தொகுப்புரையில் பாதிக் குற்றமாகிவிடுகிறது. ஜூரி ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போகிறது. உள்ளே பிடிவாதமாக நின்றவர் மிஸ் கிளிம்ப்சன் என்ற மணமாகாத முதியவர். ஒழுக்கத்தில் ஹாரியட்டுக்கு நேர் எதிர். கோயில், நோன்பு என்று வாழ்கிறவர். தனக்குப் பிடிக்காத வாழ்க்கையை வாழ்ந்த பெண்ணைக் குற்றவாளி என்று சொல்ல மறுக்க அவரால் முடிகிறது. பெண்களிடையே ஒற்றுமை என்று நாம் கூட்டங்களில் பேசுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

4

மர்மக் கதைக்கு எதிராகப் பெண்ணியர் வைக்கும் முக்கியமான கேள்வி இன்னும் நிற்கிறது. பொழுதுபோக்குக்காக எத்தனை பெண்களைக் கொல்வீர்கள்? முதல் பக்கத்தில் பெண் பிணம், அதைச் சுற்றி ஆண்களின் மூளை வேலை செய்யும் அழகு: திரில்லர் சந்தையின் பெரும்பகுதி இந்த வாய்பாட்டில்தான் ஓடுகிறது. 2018இல் பிரிட்டனில், எந்தப் பெண்ணும் அடிக்கப்படாத, பின்தொடரப்படாத, பாலியல் வன்முறைக்கு ஆளாகாத, கொல்லப்படாத திரில்லர் நாவலுக்கென்றே 'ஸ்டான்ச் புக் ப்ரைஸ்' என்று ஒரு பரிசு தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால் மெக்டெர்மிட் போன்றவர்கள் எதிர்த்தார்கள். ஆண்கள் பெண்கள்மீது வன்முறை செய்துகொண்டிருக்கும்வரை அதை எழுதுவதை நிறுத்த மாட்டேன் என்பது அவருடைய நிலை.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கொலையே இல்லாமல் முழு நீள மர்மம் எழுத முடியும் என்று சேயர்ஸ் 1935இலேயே 'காடி நைட்' நாவலில் காட்டினார். பெண்கள் கல்லூரி ஒன்றுக்கு வரும் மொட்டைக் கடிதங்கள்தான் அதன் மர்மம். பெண்ணுக்கு அறிவு வாழ்க்கையும் காதலும் ஒன்றாகக் கிடைக்குமா என்பதுதான் அதன் உண்மையான வழக்கு. ஆனாலும் பிணங்களைத் தடைசெய்வதால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது. பெண் செத்த கதையா என்பது ஒரு கேள்வி. செத்தவளுக்கு ஒரு வேலை, ஒரு கடன், ஒரு பிடிவாதம், ஒரு சிநேகிதி இருந்ததா என்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி. உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத பெண், உடற்கூறாய்வு மேசையில் கிடக்கும்போது ஊரே அவளைக் 'கேட்கிறது'. காயம் பேசுகிறது, நகக்கண் பேசுகிறது. அந்தக் கவனத்தில் கால்வாசி முன்பே கிடைத்திருந்தால் கதையே தேவைப்பட்டிருக்காது. இந்த முரணைத் தெரிந்து எழுதும் நாவலையும் தெரியாமல் பயன்படுத்தும் நாவலையும் பிரித்துப் பார்ப்பதுதான் வாசகியின் வேலை.

தெரிந்து எழுதியவர்களில் ஒருவர் ஜப்பானின் நட்சுவோ கிரினோ. ஜப்பானிலும் மர்மக் கதைக்கு ஆண்டிறுதிக் கணக்கு உண்டு. 'கோனோ மிஸ்டரி கா சுகோய்' என்ற தரவரிசை நூல் 1988 முதல் ஆண்டுதோறும் வருகிறது. அதன் 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்நாட்டு நூல்களில் முதலிடம் கிரினோவின் 'அவுட்' நாவலுக்கு. டோக்கியோ புறநகரில், டப்பாச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் நிற்கும் நான்கு பெண்கள். ஒருத்தி, சேமிப்பைச் சூதாடித் தொலைத்துவிட்டுத் தன்னை அடித்த கணவனைக் கொன்றுவிடுகிறாள். பிணத்தை அப்புறப்படுத்த மற்றவர்கள் இறங்குகிறார்கள். கொலைகாரி யார் என்பது தொடக்கத்திலேயே தெரியும். துப்பறிய எதுவும் மிச்சமில்லை என்று தோன்றும் இடத்தில் வேறொரு விசாரணை தொடங்குகிறது. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டே இரவு வேலைக்கு வருபவள் எப்போது தூங்குகிறாள்? திறமையாக வேலைசெய்தும் அலுவலகத்தில் ஒதுக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்டவள் ஏன் இங்கே நிற்கிறாள்? கடன் அட்டை ஒருத்தியை எங்கே கொண்டுபோய் விடுகிறது? குளியலறையில் நடக்கும் அந்தப் பயங்கரமான வேலையைக்கூட அவர்கள் தொழிற்சாலைப் பழக்கத்தின் ஒழுங்கோடு செய்கிறார்கள். மிஸ் மார்ப்பிளிடம் துப்பாக இருந்த வீட்டு அறிவு, இங்கே கத்தி பிடிக்கும் அறிவாகிறது. கிறிஸ்டியின் பணிப்பெண் பேசாமல் விட்டதை இந்த நான்கு பேரும் பேசுகிறார்கள். கேட்க இதமாக இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

இன்னொருவர் சுஜாதா மாஸ்ஸி. 2018இல் வந்த 'எ மர்டர் ஆன் மலபார் ஹில்' நாவலின் களம் 1921ஆம் ஆண்டுப் பம்பாய். பெர்வீன் மிஸ்த்ரி என்ற பார்சி வழக்கறிஞர், தந்தையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பெண்கள் வழக்கறிஞர் தொழில் செய்ய வழிவிடும் சட்டம் இந்தியாவில் வந்தது 1923இல்தான் என்பதால், அவரால் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. கோஷா முறையில் வாழும் மூன்று விதவைகள் தங்கள் சொத்துரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்ட தாள் அவர் கையில் வருகிறது. விரும்பித்தான் கையெழுத்திட்டார்களா? போய்க் கேட்க வேண்டும். எந்த ஆண் வக்கீலும் அந்தத் திரையைத் தாண்ட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்து, கோஷாப் பெண்களுக்குச் சட்ட ஆலோசகராக இருந்த கார்னீலியா சோரப்ஜியின் வாழ்க்கை இந்தக் கற்பனைக்குப் பின்னால் இருக்கிறது. இங்கே துப்பறிதல் என்பது நேரில் போய் உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது. அவர்கள் செத்த பிறகல்ல, உயிரோடு இருக்கும்போது.

5

நம்முடைய தமிழ் மர்ம நாவல் பக்கம் திரும்பினால் கணக்கு வேறுமாதிரி வருகிறது. பேருந்து நிலையக் கடையில் தொங்கிய மாத நாவல்களை வாசித்து வளர்ந்த தலைமுறையில் பெண்கள் ஏராளம். பள்ளிப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்தவர்களும் தையல் மெஷின் பக்கத்தில் வைத்து வாசித்தவர்களும் உண்டு. அவர்கள் வாசித்த கதைகளில் ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா இருந்தாள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்குச் சுசீலா இருந்தாள். சுபாவின் நரேந்திரனுக்கு வைஜயந்தி இருந்தாள். சுசீலாவும் வைஜயந்தியும் அலுவலகத்துக்கு வந்து வேலை செய்தார்கள், இரவில் வெளியே போனார்கள், ஆண்களைக் கேலி செய்தார்கள். அந்தக் காலத்துச் சிறுநகரப் பெண்ணுக்கு அது திறந்த சன்னல்தான், மறுக்க முடியாது. ஆனால் சுசீலாவை நினைத்தால் முதலில் வருவது அவள் கண்டுபிடித்த துப்பு அல்ல, பனியனில் எழுதியிருந்த வாசகம். மூன்று இணையிலும் பெண்ணின் பெயர் இரண்டாவதாகவே நிற்கிறது. எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் வாசகர் இவ்வளவு பேர் இருந்தும், வம்பிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் துப்பு எடுக்கும் ஒரு கிழவி, தமிழ் வாசகருக்கெல்லாம் பெயர் தெரிந்த ஒரு பாட்டி, நம் துப்பறியும் கதையில் உருவாகவில்லை.

அமெரிக்காவில் 1986இல் சாரா பாரெட்ஸ்கி முன்னின்று தொடங்கிய 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' அமைப்பு செய்த முதல் வேலைகளில் ஒன்று எண்ணியது. பெண்கள் எழுதும் மர்ம நூல்களுக்குப் பத்திரிகைகளில் எத்தனை மதிப்புரை, ஆண்களின் நூல்களுக்கு எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டார்கள். புகாராகச் சொன்னபோது சிரித்தவர்கள் எண்ணைக் காட்டியபோது சிரிக்கவில்லை. நம் ஆண்டிறுதிப் பட்டியல்களையும் இப்படி எண்ணிப் பார்க்கலாம். பெண்களின் பட்டியலில் எத்தனை பெண்கள், பொழுதுபோக்கு எழுத்து எத்தனை, வெட்கப்பட்டு மறைத்தது எத்தனை?

அடுத்த ஆண்டுக்கான திட்டமாக நான் மாணவிகளிடம் சொல்வது இதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். மர்ம நாவலை வாசித்து முடித்ததும் தலைப்புக்கும் தேதிக்கும் கீழே ஐந்து வரி எழுதுங்கள். இந்தக் கதையில் எண்ணிக்கையில் விடுபட்டவர் யார்? யார் சொன்னதை யார் முதலில் நம்பினார்கள்? எந்த வேலையில் கிடைத்த அறிவு துப்பாயிற்று? செத்தவளுக்குச் சாவைத் தவிர வேறு என்ன இருந்தது? கதை முடியும்போது வீடும் பணமும் யார் கையில்? பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு புத்தகம் வாசித்தாலும் அறுபது வரி சேரும். அதை விமர்சனம் என்று அழைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கிறிஸ்டியில் தொடங்கலாம், சேயர்ஸ் வழியாகக் கிரினோவுக்குப் போகலாம். வீட்டில் பரணில் கிடக்கும் மாத நாவலையும் இறக்கி அதே ஐந்து கேள்வியைக் கேட்கலாம். அம்மாவிடமோ அத்தையிடமோ, இதை வாசித்தபோது யார்மேல் சந்தேகப்பட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம்மிடம் இல்லாத துப்பறிவாளக் கிழவிகள் வாசகர்களாக எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரியும்.

திட்டத்தில் ஓரிடம் காலியாக இருப்பதும் நல்லது. சூ கிராஃப்டன் 1982இல் 'ஏ' எழுத்தில் ஒரு தொடரைத் தொடங்கினார். மணவிலக்குப் பெற்ற கணவரோடு பிள்ளைகளுக்காக நடந்த வழக்கின்போது, அவரை எப்படிக் கொல்லலாம் என்று படுக்கையில் யோசித்ததில் பிறந்த கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாவலாக, கின்ஸி மில்ஹோன் என்ற தனியாள் துப்பறிவாளப் பெண்ணைக் கொண்டு, 35 ஆண்டில் 'ஒய்' வரை வந்தார். 2017 டிசம்பர் 28ஆம் தேதி இறந்தார். கடைசி நூலுக்குப் பூஜ்யம் என்ற பொருளில் பெயர் மட்டும் வைத்திருந்தார். வேறு யாரையும் வைத்து அதை எழுத வேண்டாம் என்று குடும்பம் முடிவு செய்தது. அந்தத் தொடரை வரிசையாக வாசித்தவர்களின் அலமாரியில் ஒரு புத்தகத்துக்கான இடம் அப்படியே இருக்கிறது. தமிழ் வாசகியின் பட்டியலிலும் கடைசி வரி ஒன்று காலியாக இருக்கட்டும். இன்னும் எழுதப்படாத அந்தப் பாட்டியின் கதைக்கு. எழுதப்போகிறவள் இதை வாசிப்பவர்களில் ஒருத்தியாகவும் இருக்கலாம்.